கலா: இரண்டாம் இசைத்தொகுப்பும் அதன் வரவேற்பும்

கலைஞன் ஒருவனின் முதற்படைப்பு புகழ்பெற்றுவிடுமாயின், அவனது இரண்டாம் படைப்பு மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளாகின்றது. முதற்படைப்பை எவரும் எதிர்பார்த்து நிற்பதில்லை. அது வருவதே புதுமை. இரண்டாவதோ அளவுகோலுடன் காத்திருக்கும் ஒரு கூட்டத்தின் முன் வருவது. முன்னையதைப் போலவே இருப்பின் ‘கூறியது கூறல்’ என்பர். வேறாக இருப்பின் ‘தடம் மாறிவிட்டது’ என்பர். நாவலுக்கும் கவிதைக்கும் பொருந்தும் இவ்வுண்மை, வணிகத்தோடு பிணைந்த இக்கால மக்களிசைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இசைத்தட்டு நிறுவனமும், வானொலியும், விற்பனைப் பட்டியலும் கலைஞனின் தோளில் ஏறி அமர்ந்துகொண்டே அவனது இரண்டாம் படைப்பை எழுதுவிக்கின்றன.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு 1980களின் ஐக்கிய அமெரிக்காவிற் செல்வாக்குப் பெற்ற ‘கிளாம் மெற்றல்’ என்னும் றொக் இசைப் பிரிவிற் கிடைக்கின்றது. விரித்துவிட்ட கூந்தல், முகப்பூச்சு, பளபளக்கும் இறுகிய உடை, மின்கிற்றாரின் பேரோசை, கேட்போர் யாவரும் கூடிப்பாடத்தக்க பல்லவி ஆகியன இதன் இயல்புகள். இப்பிரிவைச் சார்ந்த ‘குவயற் றயற்’ என்னும் லொஸ் ஏஞ்சல்ஸ் குழுவின் ‘மெற்றல் ஹெல்த்’ 1983ஆம் ஆண்டு நவம்பரில் ‘பில்போட்’ விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. ஹெவி மெற்றல் இசைத்தொகுப்பொன்று அவ்விடத்தை எட்டியது அதுவே முதன்முறை. அவ்வெற்றிக்குத் துணைநின்ற பாடல் அக்குழுவினருடையதன்று. பிரித்தானியாவின் ‘ஸ்லேட்’ குழு 1973இற் பாடிய ஒன்றையே அவர்கள் மீளப் பாடியிருந்தனர். அடுத்த ஆண்டே ‘கொண்டிஷன் கிறிற்றிக்கல்’ என்னும் அடுத்த தொகுப்பு அவசர அவசரமாக வெளிவந்தது. அதிலும் ஸ்லேட் குழுவின் வேறொரு பாடல், 1972இல் வந்தது, முன்னணியில் வைக்கப்பட்டது. முன்னைய பாடல் பட்டியலில் 5ஆம் இடம் வரை சென்றிருக்க, இது 51ஆம் இடத்துடன் நின்றது. தொகுப்பு 15ஆம் இடத்தைத் தாண்டவில்லை. எண்ணளவில் இது முழுத்தோல்வியன்று. ஆனால் அக்குழுவிடம் சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை என்பதை அது அம்பலப்படுத்திற்று. அதே பிரிவில் தோன்றிய ‘ஸ்கிட் றோ’ குழு, 1991இல் தன் இரண்டாம் தொகுப்பிற் பளபளப்பைக் குறைத்து இசையைக் கடினமாக்கியபோது, அது வெளிவந்தவுடனேயே முதலிடம் பெற்றமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

கடன்வாங்குதல் குறையன்று என்பதும், கடன்வாங்கியதைக் கொண்டு என்ன செய்யப்பட்டது என்பதே வினா என்பதும் இவற்றாற் பெறப்படும். இவ்வினாவைத் தமிழ்க் காதுகளுக்கு மிக நெருங்கிய ஓர் இரண்டாம் தொகுப்பின்மீது தொடுத்துப் பார்ப்பது பயனுடைத்து. ‘எம்.ஐ.ஏ.’ என்னும் பெயரால் உலகறிந்த மாதங்கி அருள்பிரகாசம் 2007ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் வெளியிட்ட ‘கலா’ என்பதே அத்தொகுப்பு.

தந்தை பெயரும் தாய் பெயரும்

இவர் 1975இல் இலண்டனிற் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டுவரப்பட்டு, போர்ச்சூழலில் 1980களின் நடுப்பகுதியில் தாயுடன் மீண்டும் இலண்டனுக்கு அகதியாகச் சென்றவர். தந்தை அருளர், ஈழப் புரட்சி அமைப்பின் தொடக்ககர்த்தாக்களுள் ஒருவர். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் அகதிகளை ஏற்றிச்சென்ற கப்பலைக் களமாகக் கொண்ட ‘லங்கா ராணி’ என்னும் நாவலின் ஆசிரியர். மகளின் முதற்றொகுப்பு 2005இல் வெளிவந்தபோது அதற்கு ‘அருளர்’ என்ற பெயரே இடப்பட்டது. சிறியதொரு மின்னியற் கருவியில் வீட்டிலிருந்தே அடித்தளம் இடப்பட்ட பாடல்கள் அவை. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 190ஆம் இடத்தையே அத்தொகுப்பு எட்டியது. எனினும் பிரித்தானியாவின் மேர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. விமர்சகர் நடுவே பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று.

இரண்டாம் தொகுப்புக்குத் தாயின் பெயர் சூட்டப்பட்டது. தந்தை இயக்கத்தின் பொருட்டு வீட்டில் இல்லாதிருக்க, தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர் அத்தாய். முதலாவது ஆண்மைச் சார்புடையது, இரண்டாவது பெண்மைச் சார்புடையது என்று பாடகியே விளக்கியுள்ளார். இவ்விளக்கத்தை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது: ‘அருளர்’ கொள்கையின் குரலில் உரத்துப் பேசுகின்றது, ‘கலா’ பிழைப்பின் குரலிற் பேசுகின்றது. விசா, சந்தை, தெருவோர விற்பனை, ஆபிரிக்காவில் ஒரு துப்பாக்கியின் விலை, எல்லையிற் சோதிக்கப்படும் பயணி என்பனவே அதன் பொருள்கள். வீட்டைத் தாங்கிய பெண்ணின் உலகம் கொள்கையால் அன்றி, அன்றாடக் கணக்கால் ஆனது என்பதை இத்தேர்வு உணர்த்துகின்றது.

தொகுப்பின் தோற்றமும் ஒரு தடையின் விளைவே. அமெரிக்காவில் ‘றிம்பலான்ட்’ என்னும் புகழ்பெற்ற தயாரிப்பாளருடன் இதனை உருவாக்குவதே முதல் எண்ணம். 2006இல் அந்நாட்டிற்குள் நீண்டகாலம் தங்கிப் பணிபுரிய விசா கிடைக்கவில்லை. எனவே ஒலிப்பதிவு இந்தியா, திரினிடாட், ஜமெய்க்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா, யப்பான் எனப் பல இடங்களுக்குச் சிதறியது. விசா கிடைத்திருப்பின் ‘கலா’ மற்றொரு ‘கொண்டிஷன் கிறிற்றிக்கல்’ ஆகியிருக்கவுங்கூடும். வெற்றிபெற்ற தயாரிப்பாளரைக் கொண்டு, வெற்றிபெற்ற வாய்பாட்டில் ஒரு தொகுப்பு. தொகுப்பின் இறுதியில் றிம்பலான்டுடன் இணைந்த ஒரேயொரு பாடல் இடம்பெறுகின்றது. ஏனையவற்றோடு ஒட்டாது நிற்கும் அப்பாடலே இக்கூற்றுக்குச் சான்று.

உறுமியின் இடம்

‘கலா’வின் உயிர்நாடி அதன் தோற்கருவிகளில் உள்ளது. சென்னையில் ஏ. ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக்கூடத்தில் உறுமிக் கலைஞர்களைக் கொண்டு பதிவுசெய்யப்பட்ட ஒலி, ‘பேர்ட் ஃபுளூ’, ‘போய்ஸ்’ ஆகிய பாடல்களின் அடித்தளமாயிற்று. உறுமி இருமுகமும் இடைசுருங்கிய உடலும் கொண்டது. ஒருமுகத்தை வளைந்த கோலால் தேய்க்க எழும் முனகல், மறுமுகத்தில் விழும் அடியோடு கலந்து வரும்போது அதனை ஒருமுறை கேட்டவர் மறப்பதில்லை. தமிழகத்தின் ஊர்க்கோயில் விழாக்களிலும் சாமியாட்டத்திலும் இறுதி ஊர்வலங்களிலும் ஒலிப்பது அது.

திரையிசையிலும் பொப் இசையிலும் நாட்டார் தோற்கருவிகள் பெரும்பாலும் அணியாகவே சேர்க்கப்படுவதுண்டு. கிற்றாரும் வயலினும் வீட்டைக் கட்டியபின், வாசலிற் கட்டிய தோரணம்போல உறுமி வந்து நிற்கும். ‘கலா’வில் நிலை தலைகீழானது. உறுமியே வீடு, குரலும் மின்னியல் ஓசைகளும் கோழியின் கொக்கரிப்பும் சிறுவர் கூச்சலும் அதற்குள் வந்து குடியேறுகின்றன. இதுவே முதற்றொகுப்பிலிருந்து இரண்டாவதைப் பிரிக்கும் எல்லைக்கோடு. ‘அருளர்’ இலண்டன் நகரத்து நடனக்கூடத்தின் தாளத்தில் ஈழத்து நினைவைப் பேசிற்று. ‘கலா’ தமிழ் ஊரொன்றின் தாளத்தில் உலகத்தைப் பேசுகின்றது.

இத்தாளத்தை மலையகத்திலிருந்து கேட்கும்போது அதற்கு வேறொரு பொருளும் உண்டாகின்றது. கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையிலுள்ள வத்தேகம நகரையும், அதற்கப்பால் பன்விலை, மடுல்கலைப் பகுதிகளையும் சூழ்ந்த தோட்டங்களில், தோற்கருவி என்பது முதலில் தப்பையே குறிக்கும். தப்பும் உறுமியும் ஒன்றல்ல. தப்பு ஒருமுகமுடையது, நெருப்பிற் காய்ச்சி இரு குச்சிகளால் அடிக்கப்படுவது. ஆனால் இரண்டும் ஒரே சமூகத் தளத்தைச் சார்ந்தவை. ஒரே நாட்டிலிருந்து புறப்பட்டவை. மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியாகக் கண்டிச் சீமைக்குக் கால்நடையாக வந்த கோப்பிக்காலத்துத் தொழிலாளரின் தோளிலே தப்பும் வந்தது. தோட்டத்தில் அது இருவகைப் பணி புரிந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்திற்கு ஆள்திரட்ட ஒலித்தபோது அது துரையின் கருவி. காமன் கூத்திலும் மாரியம்மன் திருவிழாவிலும் சாவீட்டிலும் ஒலித்தபோது அது தொழிலாளரின் சொந்தக் குரல். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டம் பற்றிய நெடும்பாடல், தோட்டத்தின் விடியலைத் தப்பொலியோடு தொடங்குவது தற்செயலன்று. அடிமைத்தனமும் விடுதலை வேட்கையும் ஒரே தோலில் ஒலித்ததை அவர் அறிந்திருந்தார்.

தொல்காப்பியம் கருப்பொருள்களை வகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் சேர்த்துக் கூறுகின்றது. உரையாசிரியர் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறையை உரிமையாக்குவர். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை உண்டு. பறையொலி கேட்டு நிலத்தை அறியலாம் என்பது இதன் உட்கிடை. நிலத்தை இழந்தோரின் பறை எந்நிலத்துக்குரியது? ‘கலா’ எழுப்பும் அடிப்படை வினா இதுவே. யாழ்ப்பாணத்து வேரும், இலண்டன் வளர்ப்பும், சென்னையின் உறுமியும், ஜமெய்க்காவின் ஆட்டமும் ஒரு தொகுப்பிற் கூடும்போது, அங்கே நிலம் இல்லை. பறை மட்டுமே உண்டு.

கடனும் ஆக்கமும்

குவயற் றயற் குழுவினர்மேற் சாட்டிய குற்றம் ‘கலா’விற்கும் பொருந்துமா என்பது கேட்கப்படவேண்டியது. இத்தொகுப்பிலும் கடன் மிகுதி. ‘பாம்பூ பங்கா’ பாடலில் ‘தளபதி’ (1991) திரைப்படத்துக்கு இளையராஜா அமைத்த ‘காட்டுக்குயிலு’ பாடலின் ஒலித்துணுக்கு உண்டு. ‘ஜிம்மி’ என்பது ‘டிஸ்கோ டான்சர்’ (1982) என்னும் இந்திப் படத்துக்காக பப்பி லஹிரி இசையமைத்த பாடலின் மறுவடிவம். ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலின் பின்னணி, ‘கிளாஷ்’ என்னும் பிரித்தானியக் குழு 1982இல் வெளியிட்ட ‘ஸ்றெயிற் ரு ஹெல்’ பாடலிலிருந்து பெறப்பட்டது.

இவற்றுள் மூன்றாவது ஆக்கபூர்வமான கடனுக்குச் சிறந்த சான்று. குடியேறியவர்க்கு மேற்குலகு மறுத்த வாழ்வைக் கிளாஷ் குழுவினர் வெளியே நின்று, இரக்கத்தோடு பாடினர். அதே இசையின்மேல் குடியேறிய பெண்ணொருத்தி வந்து நின்று, குடியேறியவர்களைப்பற்றி மேற்குலகு கொண்டுள்ள அச்சங்களையெல்லாம் தன் வாயாலேயே நையாண்டியாகச் சொல்கின்றாள். பல்லவியில் துப்பாக்கிச் சூடும் காசுப்பெட்டியின் ஓசையும் சொற்களுக்குப் பதிலாக வருகின்றன. பாடப்பட்ட பொருள் பாடுவோளாக மாறுவதே இங்கு நிகழும் ஆக்கம். ஸ்லேட் குழுவின் பாடலை இரண்டாம் முறை பாடியபோது குவயற் றயற் எதனையும் மாற்றவில்லை; இங்கோ கடன்பெற்ற பாடலின் நோக்குநிலையே மாறிவிடுகின்றது.

‘ஜிம்மி’ அத்துணைச் சிறந்ததன்று. அது சிறுவயதில் விருந்துகளில் ஆடிய பாடலின் நினைவு. 1980களின் இந்தித் திரையில் மின்னிய டிஸ்கோ, அமெரிக்காவின் கிளாம் மெற்றலுக்கு ஒருவகையில் உடன்பிறப்பு. இரண்டிலும் ஒளியும் உடையுமே முந்தித் தோன்றும். அப்பளபளப்பை விமர்சிக்கவும் இல்லாது, முழுமனதுடன் கொண்டாடவும் இல்லாது ‘ஜிம்மி’ இடைநடுவில் நின்றுவிடுகின்றது. ஏக்கம் மட்டும் ஒரு பாடலை ஆக்கிவிடாது.

வரவேற்பின் இயல்பு

வரவேற்பு புறநிலையிற் சிறப்பாகவே அமைந்தது. ‘கலா’ அமெரிக்கப் பட்டியலில் 18ஆம் இடத்தையும் பிரித்தானியாவில் 39ஆம் இடத்தையும் அடைந்தது. ‘றோலிங் ஸ்டோன்’ இதழ் 2007ஆம் ஆண்டின் மிகச்சிறந்த இசைத்தொகுப்பாக அதனைத் தேர்ந்தது. வெளிவந்து ஓராண்டின் பின், திரைப்பட விளம்பரமொன்றிற் பயன்பட்டதன் வழியாக, ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008இல் அமெரிக்கப் பட்டியலின் 4ஆம் இடத்தை எட்டியது; ‘ஸ்லம்டோக் மில்லியனயர்’ படத்திலும் இடம்பெற்றது; கிறமி விருதுக்கும் முன்மொழியப்பட்டது. இரண்டாம் படைப்பின் சோதனையில் ‘கலா’ தேறிவிட்டது என்றே இவ்விபரங்கள் கூறும்.

ஆயினும் வரவேற்பின் அளவு வேறு, அதன் தன்மை வேறு. தன்மையை நோக்குமிடத்து மூன்று குறைபாடுகள் புலனாகின்றன.

முதலாவது, ஆக்கியோன் யார் என்பது பற்றியது. பாடகியின் இசை முழுவதற்கும் ‘டிப்ளோ’ என்னும் அமெரிக்கத் தயாரிப்பாளரே மூளை என்பதுபோல் எழுதப்பட்டு வந்தது. ‘கலா’வின் பெரும்பகுதியைப் பாடகியும் ‘சுவிச்’ என்னும் பிரித்தானியத் தயாரிப்பாளருமே உருவாக்கினர். டிப்ளோவின் பங்கு சில பாடல்களளவில் நின்றது. 2007இல் வெளியான நேர்காணல் ஒன்றிற் பாடகி இதனை வெளிப்படையாகவே கண்டித்தார். குடியேறிய பெண்ணொருத்தி கருத்தைத் தரலாம், கலையை ஓர் ஆண் தரவேண்டும் என்ற எண்ணம் விமர்சனத்துள் எவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளது என்பதை இவ்விவாதம் காட்டிற்று. தாயின் பெயர் தாங்கிய தொகுப்புக்கு இக்கதி நேர்ந்தமை அவலச்சுவை உடையது.

இரண்டாவது, ஒலியை விடுத்துப் பொருளை மட்டும் கேட்டமை. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடப்பட்டபோது துப்பாக்கியோசை மாற்றப்பட்டது. அடுத்த விவாதமெல்லாம் அவ்வோசையைச் சுற்றியே எழுந்தது. 2009இல் வன்னியிற் போர் இறுதிக்கட்டத்தை அடைந்தபோது, பாடகியின் கூற்றுகள் அரசியற் சர்ச்சைக்கு உள்ளாகின. அதன்பின் தொகுப்பைப் பேசுவோர் ஆளையே பேசினர். ஆளைப் பேசுவது தவறன்று. மனிதர் மடிந்துகொண்டிருந்த வேளையில் இசையை மட்டும் பேசுக என்று எவரும் கேட்டிருக்கவும் இயலாது. ஆனால் அவ்வேளை கடந்த பின்பும் காது திறக்கவில்லை என்பதே குறை.

மூன்றாவது தமிழ் விமர்சனத்தைச் சார்ந்தது. ஈழத்துத் தமிழரிடையே இப்பாடகி பெருமைக்குரியவராகவோ ஐயத்துக்குரியவராகவோ பேசப்படுகின்றார். எவ்வாறாயினும் அரசியல் அடையாளமாகவே பேசப்படுகின்றார். அவரது தொகுப்பில் உறுமி என்ன செய்கின்றது என்னும் வினா அரிதாகவே எழுந்துள்ளது. அதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. யாழ்ப்பாணச் சமூகத்திற் பறை சாதிக்குரியதாக, சாவுக்குரியதாக ஒதுக்கப்பட்டிருந்தது. நாதஸ்வரமும் தவிலும் கோயிலின் உள்வீதிக்குரியன. பறை வெளியே நின்றது. உலகமே ஆடும் ஒரு பாடலின் அடித்தளம் அத்தளத்துக்குரிய கருவி என்று ஒப்புக்கொள்வது பலருக்கு இன்றும் எளிதன்று.

கண்டிப் பிரதேசத்தில் இதற்கு மாறான வரலாறொன்று கண்முன் உள்ளது. சிங்களச் சாதியமைப்பிற் தாழ்த்தப்பட்டிருந்த பெரவா சமூகத்தினரின் ‘கெட்டபெரய’ மத்தளம், தலதா பெரஹெராவின் முதற்குரலாக நிலைத்ததோடு, சுதந்திரத்தின் பின் தேசியக் கலையின் சின்னமாகவும் உயர்ந்தது. கருவி உயர்ந்த அளவுக்கு அதனை முழக்கியோர் உயர்ந்தனரா என்பது தனி வினா. எனினும் கருவியையாவது அச்சமூகம் மறைக்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலான கூத்துகளை மேடையேற்றியபோது செய்ததும் இத்தகையதே. கிராமத்து அண்ணாவிமாரை அழைத்து, அவர்களின் ஆட்டத்தையும் தாளத்தையும் மாணவர்க்குப் பயிற்றுவித்து, நாகரிகமற்றது என ஒதுக்கப்பட்டதைப் பல்கலைக்கழக மேடைக்கு அவர் கொணர்ந்தார். அதிற் செம்மையாக்கத்தின் பெயரால் இழக்கப்பட்டவை பற்றிப் பின்வந்தோர் விவாதித்தனர். அவ்விவாதம் நிகழ்ந்ததே ஆரோக்கியமானது. ‘கலா’விற்கு அத்தகைய விவாதம் தமிழிற் கிடைக்கவில்லை.

குறையும் நிறையும்

அவ்விவாதம் நிகழ்ந்திருப்பின் தொகுப்பின் உண்மையான குறைகளும் வெளிப்பட்டிருக்கும். உறுமிமேளம் படிப்படியாக வளர்வது. மெதுவாகத் தொடங்கி, அடிகள் நெருங்கி, வேகம் ஏறி, கேட்பவரை ஆவேச நிலைக்கு இட்டுச்செல்வது அதன் கட்டமைப்பு. ‘கலா’வில் அவ்வொலி சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, கணினியில் திரும்பத் திரும்ப ஒலிக்குமாறு அடுக்கப்படுகின்றது. முழக்கம் உண்டு, வளர்ச்சி இல்லை. உறுமியின் மொழியிற் சில சொற்கள் கிடைக்கின்றன; வாக்கியங்கள் கிடைக்கவில்லை. அவுஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர் குழுவுடன் இணைந்த பாடலிலும் இதே நிலையைக் காணலாம்: சிறுவரின் குரல் மனங்கவர்கின்றது, அவர்களின் உலகுக்குள் நுழையுமுன் பாடல் முடிந்துவிடுகின்றது. பலரின் ஒலியை ஒருவரின் பெயரால் உலகச் சந்தைக்குக் கொண்டுசெல்லும்போது, முழக்கியவரின் கூலியும் பெயரும் என்னாகும் என்ற வினாவும் உண்டு. தப்பொலியில் பிரட்டுக்கு எழுந்த சமூகம் இவ்வினாவைக் கேட்காது விட முடியாது.

இக்குறைகளை ஏற்றபின்பும் ‘கலா’வின் சாதனை குன்றுவதில்லை. முதற்படைப்பின் வெற்றியை மீளச் செய்யும் வாய்ப்பு மூடப்பட்டபோது, அது கீழ்நோக்கி இறங்கி, தன் மொழிபேசும் மக்களுள் மிகவும் ஒதுக்கப்பட்டோரின் கருவியிற் புதிய அடித்தளத்தைக் கண்டது. இரண்டாம் படைப்பு வெல்வதற்குரிய வழி முதற்படைப்பை விஞ்சுவதன்று, முதற்படைப்பு தொடாத ஓர் ஊற்றைத் தொடுவதே என்பதற்கு அது சான்றாகின்றது.

அவ்வூற்று சென்னையில் மட்டும் உள்ளதன்று. வத்தேகமக்கு மேலுள்ள தோட்டங்களில் மாசியிற் காமன் ஊன்றும் நாட்களில் இன்றும் தப்பு காய்ச்சப்படுகின்றது. அதன் அடிவகைகளைப் பெயரிட்டு, பதிவுசெய்து, அவற்றை அறிந்த முதியோரின் பெயர்களோடு எழுதிவைக்கும் பணி பேராதனையிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலேயே காத்திருக்கின்றது. அப்பணி நிறைவேறிய பின்னரே, ‘கலா’ போன்ற ஒரு தொகுப்பை அது பேசும் பொருளுக்காக மட்டுமன்றி, அது முழக்கும் ஒலிக்காகவும் மதிப்பிடும் தகுதி தமிழ் விமர்சனத்துக்கு வாய்க்கும்.